வந்து சேர்ந்தது

திருச்சி
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள நிர்மலாவுக்கு,

1934ஆம் வருஷம் ஆடி மாதம் பதினான்காம் தேதி உங்கள் நொச்சிவலசுக்கு வந்து சேர்ந்தது யார்? அல்லது எது? ஐந்து நாளாக ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

நீ கூரியரில் அனுப்பிய உபதேசியாரின் நோட்டு பத்திரமாகக் கிடைத்தது. பனியன் துணியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, ஒட்டு நாடாவால் இறுக்கியிருந்தாய். பிரிக்க அரை மணி நேரம் ஆனது. உங்கள் சபையின் முதல் உபதேசியார் தன் கையால் எழுதிய நோட்டு தொண்ணூறு வருஷம் ஒரு பீரோவில் கிடந்தும் யாரும் படிக்கவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. இருபத்து மூன்று வருஷமாகக் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். வரலாறு வேண்டும் என்கிறவர்கள் நிறையப் பேர். பழைய தாளைப் பிரிக்கிறவர்கள் குறைவு.

சபை வாசல் பலகையை நீ படமெடுத்து அனுப்பியிருந்தாய். "மெதடிஸ்ட் தேவாலயம், நொச்சிவலசு. 1934இல் மிஷனரி அம்மையாரால் நிறுவப்பட்டது." அம்மையாருக்குப் பெயர் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு விழாவுக்குக் கருங்கல்லில் அந்தப் பெயரை வெட்ட வேண்டும், கூடவே ஒரு பக்கத்தில் சபை வரலாறு வேண்டும், இரண்டையும் நான் தர வேண்டும் என்பது உன் கட்டளை. கல்யாணங்களுக்குத் தவிர நான் தேவாலயத்துக்குள் போய் இருபது வருஷம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டிருக்கிறாய்.

நோட்டில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் எழுதுகிறேன்:

"ஆடி 14. மிஷினரி வந்து சேர்ந்தது. பள்ளத்தில் தண்ணீர். எட்டுப் பேர் தூக்கி வந்தோம். ஸ்தோத்திரம். இன்று முதல் சபை."

சேர்ந்தது என்கிறார், நிர்மலா. சேர்ந்தார் என்றோ சேர்ந்தார்கள் என்றோ இல்லை. இரண்டு பக்கம் தள்ளி, தாராபுரத்திலிருந்து வந்த வெள்ளைக்காரரைப் பற்றி "துரை வந்தார்கள், ஜெபித்தார்கள், மோர் சாப்பிட்டார்கள்" என்று எழுதுகிற மனிதர் இவர்.

போன மாதம் மங்கலத்திலிருந்து என் அண்ணன் போன் செய்தபோது "மிஷினரி வந்து எறங்கியாச்சு" என்றான். புதுத் தறிகளைச் சொன்னான். கையால் சுற்றும் பின்னல் மிஷின்கள் திருப்பூர்ப் பக்கம் ஒன்றிரண்டாக வந்துகொண்டிருந்த காலம்தான் 1934. ஆக உங்கள் சபையைத் தொடங்கியது ஓர் அம்மையாராக இருக்கலாம். ஒரு பனியன் மிஷினாகவும் இருக்கலாம்.

சிரிக்காதே. அல்லது சிரித்து முடித்துவிட்டுப் பதில் எழுது. போன் வேண்டாம். போனில் நீ கடைசியில் ஜெபம் பண்ணிவிடுகிறாய். நான் கண்ணை மூடுவதா வேண்டாமா என்று தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அன்புடன்,
பிரிசில்லா


நொச்சிவலசு
12 ஆகஸ்ட் 2024

கர்த்தருக்குள் பிரியமான பிரிசி,

சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நான் இங்கே ஆயராக வந்து ஒன்றரை வருஷம். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று இவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆயரை இங்கே ஐயர் என்பார்கள், ஐயர் என்றால் ஆண். ஐயரம்மா என்றால் ஐயரின் மனைவி. நானோ ஐயர் இல்லாத ஐயரம்மா. முதல் மாதம் ஒரு பெரியவர் பை நிறையக் காய்கறியோடு வந்து, "ஐயரம்மா, ஐயா எப்பங்க வருவாரு?" என்று கேட்டார். "நாந்தாங்க ஐயா" என்றேன். பையைக் கொடுக்காமலே போய்விட்டார். கத்தரிக்காய் நன்றாக இருந்தது, அதுதான் வருத்தம்.

ஞாயிறு ஆராதனை காலை ஆறு மணிக்கு. ஷிப்ட் அப்படி. சிவகாசி, சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கிற பெண்கள்தான் பாதிச் சபை. ஜார்க்கண்டிலிருந்து வந்த ஆறேழு குடும்பங்களும் உண்டு. அவர்களுக்காக ஓர் இந்திப் பாட்டு. தாளம் எங்களுடையது, வார்த்தை அவர்களுடையது, இரண்டும் எங்கேயோ சந்திக்கும். சாயங்காலம் அவர்கள் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். கம்பெனியில் விரல் நசுங்கினால், விடுதியில் காய்ச்சல் என்றால், எனக்குத்தான் போன் வரும். மிஷன் என்றால் என்ன என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இப்போது விஷயம். இராப்போஜனத்தில் அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் எழுந்து மேசைக்கு வருவார்கள். ஐந்து ஆண்கள் எழமாட்டார்கள். முதல் ஆள் சபைச் செயலர் அருள்செல்வன். நாற்பது மிஷின் போட்டுத் தையல் யூனிட் நடத்துகிறார். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. போன கிறிஸ்துமஸுக்கு முன் வீட்டுக்கு வந்து, நின்றுகொண்டே சொன்னார். "அம்மா, உங்க பிரசங்கத்துல ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க. அந்த அப்பத்த மட்டும் ஒரு பொம்பள கையில வாங்க மனசு வரமாட்டேங்குதுங்க. எங்களத் தப்பா நெனைக்காதீங்க." உட்காருங்கள் என்றேன். உட்காரவும் இல்லை.

விழா அன்று, செப்டம்பர் 29, ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. என்னை மாற்றச் சொல்லி, எங்கள் மாவட்டச் சபைகளின் கண்காணிப்பாளருக்கு அனுப்ப ஒரு கடிதம் தயாராக இருக்கிறது. கமிட்டியில் பதினொரு பேர். ஐந்து பேர் அந்தப் பக்கம், மூன்று பேர் என் பக்கம், மீதி மூன்று பேர் காற்றடிக்கிற பக்கம். அந்த மூன்று பேரிடம் சொல்ல என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது: "இந்தச் சபையை ஆரம்பித்ததே ஒரு பெண்." என்னை இங்கே அனுப்பியபோது கண்காணிப்பாளர் சொன்னதும் அந்த வாக்கியம்தான். பலகையில் இருப்பதும் அதுதான்.

நீ மிஷின் என்கிறாய்.

எனக்கு அம்மையார் வேண்டும், பிரிசி. இன்னும் கொஞ்சம் தேடு. கல் வெட்டுகிறவர் பல்லடத்துக்காரர். ஆண்டு வரை வெட்டிவிட்டு, மீதி எப்போது சொல்வீர்கள் என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

உனக்காக ஜெபிக்கிறேன். கடிதத்தில்தானே, கண்ணைத் திறந்தே இரு.

உன்
நிர்மலா


திருச்சி
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள நிர்மலாவுக்கு,

தேடினேன். அறுபத்திரண்டு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். கிடைத்ததை உனக்குச் சாதகமானது முதலில், பாதகமானது பிறகு என்ற வரிசையில் எழுதுகிறேன்.

உபதேசியாரின் மனைவி பெயர் மருதாள். அவளைப் பற்றி அவர் எழுதுவது இப்படி: "மருதாள் பொங்கலூர் போனது." "மருதாள் வந்தது." "மருதாள் இரண்டு நாளாகப் பேசவில்லை, இன்று பேசியது." படித்துவிட்டு எனக்கு வெட்கமாக இருந்தது. நம் ஊர்ப் பேச்சை நான் மறந்துவிட்டேன். அக்கா வந்துது, அம்மா சொல்லுச்சு என்றுதானே நம் வீடுகளில் பேசுவோம். வீட்டுப் பெண்களைச் சொல்லும்போது அது குறைவான பேச்சு இல்லை, நெருக்கமான பேச்சு. அந்தக் கணக்கில் ஒரு வெள்ளைக்கார அம்மையாரும் "வந்து சேர்ந்தது" ஆகலாம்.

ஆனால் முதல் நாள் வருகிற, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரியை அவர் மனைவியைப் போல எழுதுவாரா? பாடம் படிக்க வந்த பெண்களை "வந்தாள், படித்தாள்" என்றுதான் எழுதுகிறார். வெள்ளைக்காரப் பெண் வேறு யாரும் நோட்டில் வரவில்லை. ஒப்பிட ஒன்றுமில்லை.

அடுத்த நாள் குறிப்பு: "நூல் ஒரு கட்டு வந்தது. ஏழு பேர் கூடினார்கள், எல்லாம் பெண்கள். பாட்டு ஒன்று கற்றார்கள்." நூல் என்றதும் மிஷின் என்று குதித்தேன். ஆனால் மிஷனரிப் பெண்கள் போன ஊரிலெல்லாம் தையலும் பின்னலும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் நூல் வேண்டும்.

எட்டுப் பேர் தூக்கியது? அண்ணனிடம் கேட்டேன். அந்தக் காலத்துக் கை மிஷினை நான்கு பேர் தூக்கலாம் என்றான். ஓர் அம்மையாரைக் கட்டிலில் உட்காரவைத்துப் பள்ளத்துத் தண்ணீரைத் தாண்டவும் நான்கு பேர் போதும். எட்டுப் பேர் என்றால், எதுவாக இருந்தாலும் கனம்தான்.

அந்த வருஷத்து மிஷன் அறிக்கைகளில் என் கைக்குக் கிடைத்தவற்றில் நொச்சிவலசு என்ற பெயரே இல்லை. கிடைக்காத அறிக்கைகள் அதைவிட அதிகம்.

ஆகவே இரண்டுமே இருக்கலாம் என்றுதான் என்னால் எழுத முடியும். உன் நிலைமை புரிகிறது. அதற்காக வரி மாறவில்லை.

அன்புடன்,
பிரிசில்லா


நொச்சிவலசு
26 ஆகஸ்ட் 2024

பிரிசில்லா,

இரண்டுமே இருக்கலாம் என்று நீயே சொல்கிறாய். இருக்கலாம் என்றால் எனக்கு வேண்டியதை எழுதினால் என்ன? நான் பொய் எழுதச் சொல்லவில்லை. தராசு நடுவில் நிற்கும்போது உன் சுண்டுவிரலை வை என்கிறேன். மற்றவர்கள் கையையே வைத்து அழுத்துகிறார்கள்.

தேவனை நம்பாத நீ ஒரு வினைமுற்றை நம்புகிறாய். எனக்கு இது விளங்கவே இல்லை.

என்னை ஆயராக்கிய அபிஷேக ஆராதனைக்கு உன்னைக் கூப்பிட்டேன். பதினைந்து வருஷம் ஆகிறது. அன்றைக்கு வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பெண் பிள்ளை ஊழியத்துக்குப் போவதா என்று அப்பா முகம் கொடுக்கவில்லை. நீ வருவாய் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கைக்கடிகாரம் பார்சலில் வந்தது. விடுதி அறையில் இரண்டு வருஷம் ஒரே பாயில் உட்கார்ந்து படித்தவள் கடிகாரம் அனுப்பினாள். அன்றைக்கு நான் கேட்கவில்லை. இன்றைக்கு ஒரு வரி கேட்டேன். அதற்கும் ஆதாரம் இல்லை என்கிறாய்.

நேற்று ஒரு விடுதிப் பெண்ணுக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது அருள்செல்வன் வாசலில் நின்று, "கல்லுல என்ன எழுதறதுங்க அம்மா, டீச்சர் சொல்லீட்டாங்களா?" என்று கேட்டார். சொல்வார்கள் என்றேன்.

நோட்டைத் திருப்பி அனுப்பிவிடு.

நிர்மலா


திருச்சி
5 செப்டம்பர் 2024

அன்புள்ள நிர்மலாவுக்கு,

நோட்டையும், கேட்ட ஒரு பக்கத்தையும் அனுப்பியிருக்கிறேன். நோட்டை நீ சுற்றிய அதே பனியன் துணியில் சுற்றியிருக்கிறேன். உன் அளவுக்கு நாடா ஒட்டத் தெரியவில்லை.

அபிஷேகத்துக்கு ஏன் வரவில்லை என்று நீ கேட்டதில்லை. கேட்டிருந்தால் கல்லூரியில் தேர்வு என்று சொல்லியிருப்பேன். தேர்வு இருந்ததும் உண்மை. ஆனால் காரணம் அதுவல்ல. அழைப்பிதழில் நிகழ்ச்சி நிரல் அச்சிட்டிருந்தது. நீ மண்டியிடுவாய், பெரியவர்கள் உன் தலைமேல் கை வைப்பார்கள். எம்.ஏ.யில் நம் துறைத் தலைவரையே கேள்வி கேட்டு உட்காரவைத்தவள் நீ. நீ ஆண்கள் கைகளின் கீழ் மண்டியிடுவதைப் பார்க்க எனக்கு மனமில்லை. நம்பிக்கை போனது மட்டும் காரணமாக இருந்தால் வந்திருப்பேன், ஓரமாக உட்கார்ந்திருப்பேன். உன்மேல் கோபமாக இருந்தது. உரிமையில்லாத கோபம்தான். இதைக் கடிதத்தில் எழுதப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது யோசித்தால், அந்தக் கைகளின் கீழ் மண்டியிட்டதால்தான் இன்று அந்த ஐந்து பேர் முன்னால் உன்னால் நிற்க முடிகிறது. அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. இன்றைக்கும் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. குழப்பமாகத்தான் இருக்கிறது.

பக்கத்தில் எழுதியிருப்பது இதுதான்:

"நொச்சிவலசு சபையின் தொடக்கம் 1934 ஆடி 14. அன்று 'மிஷினரி வந்து சேர்ந்தது' என்று உபதேசியார் எழுதியுள்ளார். இது ஒரு மிஷனரிப் பெண்ணைக் குறிக்கலாம். ஒரு பின்னல் இயந்திரத்தையும் குறிக்கலாம். எது என்று உறுதியாகச் சொல்லும் சான்று இதுவரை கிடைக்கவில்லை. மறுநாள் ஏழு பெண்கள் கூடினார்கள், ஒரு பாட்டுக் கற்றார்கள் என்பது மட்டும் உறுதி."

கடைசி வாக்கியம் என்னால் வைக்க முடிந்த சுண்டுவிரல். அதற்குமேல் முடியவில்லை. இதைக் கிழித்துப் போட உனக்கு உரிமை உண்டு. வேறு யாரையாவது வைத்து வேறு பக்கம் எழுதிக்கொள்ளவும் உரிமை உண்டு. நான் மறுத்துப் பேச வரமாட்டேன்.

பதில் எழுது.

அன்புடன்,
பிரிசில்லா


மங்கலம்
28 செப்டம்பர் 2024, சனிக்கிழமை

அன்புள்ள நிர்மலாவுக்கு,

பதில் வரவில்லை. இருபத்து மூன்று நாள்.

அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். தறிச் சத்தத்தில் எழுதுகிறேன், எழுத்து ஆடினால் அதுதான் காரணம். சனி, ஞாயிறு விடுமுறை, அண்ணனைப் பார்க்க வந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அண்ணி நம்பவில்லை. "நாளைக்கு எங்கியோ போறீங்களாட்டத் தெரியுது, சேலை அயர்ன் பண்ணி வெச்சிருக்கறீங்க" என்றாள்.

நாளை வருவேனா என்று தெரியவில்லை. வந்தால் எதற்கு வந்தாய் என்று கேட்பாய். பக்கத்தை நீ வாசிக்காமல் வேறொன்றை வாசித்தால் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்றும் தெரியவில்லை. வாசித்தால், உன்னை மாற்றுவதற்கு நானே எழுதிக்கொடுத்ததாக ஆகிவிடும். இரண்டில் எது நடக்க வேண்டும் என்று மனத்தைக் கேட்டால், அதுவும் சொல்ல மறுக்கிறது.

இதை இத்துடன் மடிக்கிறேன்.


நொச்சிவலசு
29 செப்டம்பர், பகல் பதினொன்றரை

மடித்ததைப் பிரித்துத் தொடர்கிறேன். உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆராதனை முடிந்ததும் பொங்கலூரில் ஒரு மரணம் என்று நீ போய்விட்டாய். உன்னைப் பற்றிப் பேசும்போது நீ கமிட்டி அறையில் இருக்கக்கூடாது என்பது விதியாம். அதனால் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மதிய பஸ்ஸைப் பிடிப்பதற்குள், நடந்ததை மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஆறு மணிக்கு வந்து கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நீ பார்க்கவில்லை. எனக்கு இடப்பக்கம் சாத்தூர்க்காரப் பெண், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் வேலை, பெயர் நதியா. வலப்பக்கம் உங்கள் பெண்கள் ஐக்கியத் தலைவி பழனாத்தாள். ஞானஸ்நானம் எடுத்தும் பெயரை மாற்றவில்லை என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் அவரே சொன்னார்.

நீ என் பக்கத்தை எடுத்து ஓர் எழுத்து மாற்றாமல் வாசித்தாய். "மிஷினரி வந்து சேர்ந்தது" என்றதும் சபை அதிரும் என்று நினைத்தேன். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நதியா என் காதருகில், "என்னது, அக்கா, வந்துச்சாம்?" என்றாள். என்னைத் தாண்டி அவளிடம் பழனாத்தாள், "வெள்ளக்காரம்மா கண்ணு" என்றார். ஐந்து வாரம் நான் எடைபோட்ட சொல் ஒரு பெஞ்சுக்குள்ளேயே இரண்டாகக் கேட்டது. நீ நிறுத்தி, இயந்திரமாகவும் இருக்கலாம் என்று விளக்கியபோதுதான் சலசலப்பு வந்தது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

பிறகு தாளை மடித்துக்கொண்டே நீ சொன்னாய்: "இத எழுதுனது எங்க பிரிசில்லா. நான் எத்தன கூப்பிட்டும் வராதது."

நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வராதவள் என்று நீ சொல்லவில்லை.

இராப்போஜனம் வந்தது. எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. நம்பாமல் வாங்குவது உனக்கும் மரியாதை இல்லை, எனக்கும் இல்லை என்று உட்கார்ந்திருந்தேன். பெஞ்சுகள் காலியான பிறகுதான் பார்த்தேன். உட்கார்ந்திருந்தது ஆறு பேர். அந்த ஐந்து ஆண்கள், நான். அப்போதுதான் நீ என்னைப் பார்த்தாய். உன் கையில் தட்டு இருந்தது. உன் முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கண்காணிப்பாளர் துணியை விலக்கினார். கல்லில் 1934 மட்டும் இருந்தது. கை தட்டினார்கள்.

இனி உள்ளே. அருள்செல்வன் தலைமை. முதலில் கல், பிறகு கடிதம் என்றார். கடிதம் அவர் சட்டைப் பையில் மடித்து இருந்தது. என் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "மிஷினாவே இருக்கட்டுங்க டீச்சர். ஆனா மிஷின் தனியா வராதுங்க. கூட ஒரு ஃபிட்டர் வருவான். மாட்டி, ஓட்டிக் காட்டி, ஆளுகளப் பழக்கீட்டுத்தான் போவான். அப்ப சபைய ஆரம்பிச்சது அந்த ஃபிட்டருங்க."

எனக்கு அது தோன்றவே இல்லை என்று ஒப்புக்கொண்டேன். வேறென்ன செய்வது?

"அந்த ஃபிட்டரு ஜெபம் பண்ணுனானுங்களா, செயலரே? ஸ்க்ரூவ முடுக்கீட்டு அடுத்த வண்டியப் புடிச்சிருப்பான்" என்றார் பழனாத்தாள்.

ஒருவர் உபதேசியார் பெயரைத்தான் போட வேண்டும் என்றார். இன்னொருவர், தூக்கி வந்த எட்டுப் பேர் பெயரும் வேண்டும், தன் பாட்டனார் அதில் ஒருவர் என்றார். உடனே இன்னும் இரண்டு பேருடைய பாட்டனார்கள் வந்தார்கள். நோட்டில் பெயர் இல்லை என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. பத்தரை மணிக்குள் அந்த எட்டுப் பேர் பதினொரு பேர் ஆகிவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் ஒரே ஆள்தானா என்பதில் ஒரு சண்டை நடந்தது.

கடைசியில் ஒரு துணைக்குழு போடுவது என்று முடிவானது. அப்படிப்பட்ட குழுவுக்குப் பொறுப்பிலிருக்கும் ஆயர்தான் தலைவர் என்று விதிப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். அப்போது காற்றடிக்கிற பக்கத்து மூன்று பேரில் ஒருவர் (மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பவர்), "இப்ப ஆயரை மாத்துனா வர்றவரு மொதல்ல இருந்து அந்த நோட்டப் படிக்கோணுங்க. கல்லு முடியட்டுமுங்க" என்றார். யாரும் மறுக்கவில்லை. அருள்செல்வன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை, நிர்மலா. அப்படியே கொண்டுபோயிருக்கிறார். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுந்திருக்கும்போது, நானும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். எந்தச் சபையையும் சேர்ந்தவள் இல்லை என்றேன்.

"தெரியுமுங்க. காலையில நீங்களும் எந்திரிக்கலைங்களே. எங்ககூடத்தான உக்காந்திருந்தீங்க" என்றார்.

நான் எழாததும் நீங்கள் எழாததும் ஒன்றல்ல என்று சொல்லியிருக்க வேண்டும். ஒன்றல்லதான் என்று இப்போது எழுதும்போதும் எனக்கு முழு உறுதி இல்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

துணைக்குழு நவம்பர் பத்தாம் தேதி, ஆராதனைக்குப் பின் கூடுகிறது. நீ தலைவர். பழனாத்தாள், அருள்செல்வன், மூக்குக்கண்ணாடிக்காரர், நான், உறுப்பினர்கள். தேதியைக் குறித்துக்கொண்டேன்.

பழனாத்தாள் என்னைச் சாப்பிடாமல் போகக்கூடாது என்று வாசலில் நிற்கிறார். தாராபுரம் ரோட்டில் பஸ் பன்னிரண்டேகாலுக்கு. தாளை மேசையில் வைத்து உப்பு ஜாடியை மேலே வைத்துவிட்டுப் போகிறேன்.

பிரிசில்லா